பண்டித ரமாபாயும் வாண்டேஜ் சகோதரிகளும்

செய்ந்நன்றியறிதலுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். உண்ண உணவும், இருக்க இடமும், கல்வியும் தந்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தக் கடமை எதுவரையில் செல்லும்? நம் மனச்சாட்சியையும் அவர்கள் வசம் ஒப்புவித்துவிட வேண்டுமா? அயல்நாட்டில், 25-ஆவது வயதில், இக்கேள்வியை எதிர்கொண்ட ஒரு பாரதப் பெண்மணியின் வரலாறு நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டியதாகும்.

1858-ஆம் ஆண்டில் பிறந்த ரமாபாய், தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரேயின் குடும்பத்தோடு க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்தே வளர்ந்தவர். வடமொழியைத் தாயிடமே கற்றார். பஞ்ச காலத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தார். 1878-இல் கல்கத்தா நகரத்துப் பண்டிதர்கள் இவருடைய புலமையை வியந்து 'பண்டிதா', 'ஸரஸ்வதி' என்னும் பட்டங்களை அளித்தனர். 1882-இல் கணவரும் மாண்டார். கைக்குழந்தை மனோரமாவுடன் புணே நகரை அடைந்த ரமாபாய், அவ்வாண்டிலேயே 'ஸ்திரீ தர்ம நீதி' என்னும் மராத்தி நூலை வெளியிட்டார். அந்நூல் தந்த பணம் 1883-இல் அவர் இங்கிலாந்து செல்லும் கப்பற் செலவுக்கு உதவிற்று.

அங்கே அவருக்கு இடம் கொடுத்தவர்கள் வாண்டேஜ் என்னும் சிற்றூரிலிருந்த கன்னி மரியாள் சங்கத்துச் சகோதரிகள். எட்டாம் ஹென்றி அரசன் மடங்களைக் கலைத்தபின் முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்துத் திருச்சபையில் கன்னிமாடங்களே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை மீண்டும் தோன்றின. வாண்டேஜ் சங்கம் 1848-இல் ஏற்பட்டது. புணேயிலும் அதன் சகோதரிகள் தொண்டு செய்து வந்தபடியால் ரமாபாய்க்கு முன்னமே பழக்கமுண்டு.

வைத்தியம் கற்கச் சென்ற அவருக்குச் செவி மந்தம் தடையாயிற்று. உடன் வந்த தோழியும் சில மாதங்களில் அங்கேயே துர்மரணம் அடைந்தாள். 1883 செப்டம்பர் 29-ஆம் தேதி ரமாபாய் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு ஞானத்தாயாக நின்றவர் சகோதரி ஜெரால்டீன். ரமாபாய் அவரை 'ஆஜீபாய்' என்று அழைப்பார். மராத்தியில் அதற்குப் பாட்டி என்று பொருள்.

பாட்டிக்கும் பேத்திக்கும் பிணக்கு வர வெகு காலம் ஆகவில்லை. முட்டை சேர்த்த பண்டத்தை ரமாபாய் உண்ண மறுத்தது பழைய ஜாதிப் பெருமை என்று சகோதரிக்குப் பட்டது. அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, ஸம்ஸ்கிருதம் ஆகாதா என்று ரமாபாய் கேட்டார். திரித்துவக் கொள்கையை அவரால் ஏற்க முடியவில்லை. குழந்தைக்கு அதைப் போதிப்பதையும் அவர் விரும்பவில்லை.

பின்னர் டொரோதியா பீல் அம்மையார் தலைமை வகித்த செல்ட்டன்ஹாம் மாதர் கல்லூரியில் அவர் கற்றும் கற்பித்தும் வந்தபோது, ஆண் மாணாக்கருக்கும் பாடம் சொல்லலாமா என்ற பேச்சு எழுந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கில பிஷப்புகள் அது தகாதென்றனர். ரமாபாய் எழுதிய பதிலை நேயர்கள் கவனிக்க வேண்டும். தம் தாயார் வாலிபர்களுக்குப் பாடம் சொன்னதைத் தந்தை தடுத்ததில்லை. தம்மைக் கணவரும் தடுத்ததில்லை. ஆங்கிலேயர் சிலர் தடுப்பது வியப்பாயிருக்கிறது என்றார். இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியிலிருந்து அரும்பாடுபட்டு விடுபட்ட தாம் அதைப் போன்ற இன்னொன்றில் கழுத்தைக் கொடுக்கச் சித்தமாயில்லை என்றும் 1885-இல் தெரிவித்தார்.

இவ்வளவுக்கும் அவர் நன்றி மறந்தவரல்லர். கிறிஸ்துவையும் கைவிடவில்லை, அன்புக் கடிதங்களும் நிற்கவில்லை. சகோதரி ஜெரால்டீனும் கொடியவரல்லர். சபைக்குக் கீழ்ப்படிவதே ஆத்ம லாபம் என்று உண்மையாகவே நம்பியவர். தாம் வளர்த்த பெண் வழி தவறுகிறாளே என்று தாயைப் போலக் கலங்கியவர். இருவரும் உண்மையுடையவர்களாக இருந்தபடியாலேதான் அந்த வாதம் அத்தனை கடுமையாயிற்று.

1886-இல் ரமாபாய் அமெரிக்கா சென்றார். 'உயர்ஜாதி ஹிந்து ஸ்திரீ' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை 1887-இல் வெளியிட்டு, அங்குள்ளோர் ஆதரவைத் திரட்டினார். 1889-இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் 'சாரதா ஸதனம்' தோன்றியது. பிற்காலத்தில் கேட்காவ் என்னுமிடத்தில் 'முக்தி' இல்லம் அமைத்தார். விவிலியம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்த்துவிட்டு, 1922-இல் மறைந்தார்.

இக்கடிதங்கள் நமக்குக் கிட்டியது எப்படி? அவற்றைப் பத்திரமாகச் சேர்த்து, வரிசைப்படுத்தி, குறிப்பும் எழுதி வைத்தவர் சகோதரி ஜெரால்டீனே. 1977-இல் அவை நூலாக வெளிவந்தன. தம் கட்சியே சரி என்று அவர் எண்ணியிருக்கலாம். எனினும் எதிர்க்கட்சியின் ஓலையை அவர் கிழித்தெறியவில்லை. ரமாபாயின் குரல் இன்று நம் செவியில் விழுகிறதென்றால், அவரோடு ஓயாமல் வாதாடிய அந்த ஆஜீபாய்க்கும் நாம் ஒரு வணக்கம் கடன்பட்டிருக்கிறோம்.