குளத்துக் கரையோடு முடியாத கணக்கு

மலாக்கா பத்து பெரண்டாம் என்றதும் பலருக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். உலக மீன் வளர்ப்பு வரலாற்றிலும் இவ்வூருக்கு இடமுண்டு. 1950களின் இறுதியில் இங்கிருந்த வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் ஹிக்லிங் என்ற ஆங்கிலேய அறிஞர் திலாப்பியாவை ஆராய்ந்தார்.

மொசாம்பிக் திலாப்பியா இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். குஞ்சுகள் பெருகிக் குளம் நெரிசலாகும். எந்த மீனும் விற்கும் அளவுக்கு வளராது. மலாக்காவில் இருந்த மொசாம்பிக் பெண் மீனோடு சான்சிபாரிலிருந்து வந்த வேறொரு திலாப்பியா இனத்தின் ஆண் மீனை ஹிக்லிங் இணைத்தார். பிறந்த குஞ்சுகள் யாவும் ஆண்! மொசாம்பிக் இனத்தில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தந்தை. சான்சிபார் இனத்தில் தாய். இந்தக் கலப்பில் மொசாம்பிக் தந்தையும் இல்லை, சான்சிபார் தாயும் இல்லை. 1960இல் இந்த முடிவு வெளியானது.

இனப்பெருக்கச் சிக்கல் இப்படி அறிவியலுக்குப் பிடிபட்டது. ஆனால், குளத்திலிருந்து தப்பி ஆற்றில் பெருகிய மொசாம்பிக் திலாப்பியா, இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களில் ஒன்று. பண்ணையின் பொறுப்பு கரையோடு முடிவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னொரு சான்று தமிழகத்தில் உண்டு. நாகப்பட்டினத்தில் இறால் பண்ணைகளின் உப்புநீர் வயலையும் குடிநீரையும் கெடுத்தது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்றுமாறு 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேடு வந்தபின் வழக்காடுவதைவிட முன்கூட்டியே வரம்பு வகுப்பது மேல். திலாப்பியாவுக்கான உலகத் தரநிலை 2009இல் உருவானது; 2010இல் தொடங்கப்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்புப் பொறுப்பு மன்றம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. வெளியேறும் நீரில் எவ்வளவு பாஸ்பரஸ், தப்பும் மீனைத் தடுக்க என்ன ஏற்பாடு, தீவனத்துக்காகக் கடல் மீன் எவ்வளவு அரைக்கப்படுகிறது என்று அந்தத் தரநிலை கேட்கிறது. சிறுவர் உழைப்பும் கட்டாய உழைப்பும் கூடாது, தொழிற்சங்கம் சேரும் உரிமை வேண்டும் என்கிறது. தோட்டத்தில் கூலிக்காகவும் சங்கத்துக்காகவும் போராடியவர்களின் பிள்ளைகளான நமக்கு இதன் அருமை தெரியும்.

மலேசியாவில் நல்ல வேளாண் நடைமுறைக்கான மைகேப் சான்றிதழ் உண்டு. ஆனால் அதைப் பெறுவது பண்ணைக்காரரின் விருப்பம். ஓரிரு குளம் மட்டுமே வைத்திருப்பவருக்கு நீர்ப் பரிசோதனையும் பதிவேடும் சுமைதான். அவருக்கு மீன்வளத் துறை கைகொடுத்தால்தான் தரநிலை ஏட்டிலிருந்து குளத்துக்கு இறங்கும். நம் பங்குக்கு, அடுத்த முறை மீன் வாங்கும்போது எந்தப் பண்ணை மீன், சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்போம். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் வளர்ப்பவரும் கவனிக்கத் தொடங்குவார்.