நாய் கடித்த கோழிக்கு மஞ்சள் பத்துப் போடாதீர்கள்

"மூணு நாளா நல்லாத்தான் சார் மேஞ்சுது. இன்னிக்குக் காலைலதான் தலையத் தொங்கப் போட்டுருச்சு."

கால்நடை மருந்தகத்துக்கு வரும் கடிபட்ட கோழிகளில் பெரும்பாலானவை இந்தச் சொல்லோடுதான் என் மேசைக்கு வருகின்றன. இறகை விலக்கினால் முதுகில் காய்ந்த மஞ்சள், அதன் மேல் அடுப்புச் சாம்பல், எல்லாவற்றுக்கும் மேல் மண்ணெண்ணெய் வாடை. பத்தை ஊறவைத்து எடுத்தால் அடியில் புழு நெளிகிறது. மழை விட்டு வெயில் அடிக்கும் இந்த நாட்களில் ஈ பெருகிவிட்டதால் இப்படி வரும் கோழிகள் கூடிக்கொண்டே போகின்றன. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் இவற்றில் பல பிழைத்திருக்கும் என்பதுதான் மனதை அறுக்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

தெருநாயோ கீரிப்பிள்ளையோ மரநாயோ கவ்வி விட்ட கோழி முதலில் அதிர்ச்சியில் இருக்கும். கண்ணைச் செருகி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்ப்பதே அதன் உயிரைக் குடித்துவிடும்.

ரத்தம் வழிந்தால் சுத்தமான பருத்தித் துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியை விரித்து, கோழியை உள்ளே வைத்து, காற்று போகும்படி மூடி, இருட்டான அமைதியான மூலையில் வையுங்கள். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதிர்ச்சியில் அது சட்டென்று இறங்கும். இரவானால் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் குண்டு பல்பு எரியட்டும்.

தயவுசெய்து அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். துவண்டு கிடக்கும் கோழிக்கு அது மூச்சுக்குழலில்தான் போகும். தானாகத் தலை தூக்கியதும் பக்கத்தில் கிண்ணத்தில் வைத்தால் போதும், அதுவே குடிக்கும்.

ரத்தம் வராவிட்டால் ஆபத்தில்லையா?

"பூனை வாயிலேர்ந்து பிடுங்கிட்டோம், ஒரு சொட்டு ரத்தம்கூட இல்ல" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். எனக்கு அதிகம் பயம் தருவதே இந்தக் கோழிதான். பூனைப் பல் ஊசி மாதிரி இறங்கும். மேலே ஓட்டை மூடிக்கொள்ளும். பூனை வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி உள்ளே தங்கிவிடும். கோழிக் காலராவை உண்டாக்கும் அதே இனக் கிருமி. சாயங்காலம் தீனி பொறுக்கிய கோழி ஓரிரு நாளில் செத்துக் கிடக்கும். அதனால் இறக்கைக்கு அடியில், தொடையிடுக்கில், வால் அடியில் விரலால் இறகை எதிர்த்திசையில் விலக்கி விலக்கித் தேடுங்கள்.

நாம் நம்பிக்கொண்டிருப்பவை

மஞ்சளுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆழமான கடிக்காயத்தின் மேல் குழைத்து அப்பினால் அது மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. உள்ளே அழுக்கும் கிருமியும், வெளியே மஞ்சள். காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எல்லாம் இதே கதைதான். மண்ணெண்ணெய், டர்பன்டைன், பினாயில், அந்துருண்டைப் பொடி ஆகியவற்றை மாட்டுக்குப் போட்ட பழக்கத்தில் கோழிக்கும் போடுகிறார்கள். இவை சதையை வேகவைக்கும். கோழி அலகால் கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

காயத்தைக் கழுவ உப்புத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன். ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில் எடுத்துப் பீச்சிப் பீச்சிக் கழுவுங்கள். பொவிடோன் அயோடின் இருந்தால் வெளிர் டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். காயத்திலிருந்து மூச்சு விடும்போதெல்லாம் குமிழி வந்தால் மட்டும் எதையும் பீச்சாதீர்கள். காற்றுப்பை கிழிந்திருக்கிறது, நேராக மருந்தகத்துக்குத் தூக்குங்கள். தின்ற தானியம் கழுத்தடிக் காயம் வழியே வெளியே வந்தாலும் அப்படித்தான்.

"சீழ் வடியல, அதனால புண்ணு ஆறிடுச்சு" என்பது இன்னொன்று. கோழிக்குச் சீழ் நம்மைப்போல வடியாது. பன்னீர்க்கட்டி மாதிரி கெட்டியாக உள்ளேயே உறையும். மாறாக, இரண்டு மூன்று நாளில் காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறினால் அழுகிவிட்டது என்று பதறி அறுத்துவிடுகிறார்கள். அது கன்றிய ரத்தத்தின் நிறம்தான். கோழிக்கு அப்படித்தான் மாறும். நாற்றம் இருந்தால்தான் பயப்பட வேண்டும். முதுகுத்தோல் பாதி உரிந்த கோழிகூடச் சில வாரங்களில் புதுத் தோல் மூடி எழுந்திருக்கும்.

வெறிநோய் பாலூட்டிகளின் நோய். நாய் கடித்த கோழிக்கு அதற்காக ஊசி தேவையில்லை. உங்கள் கையில்தான் கவனம். கீறலில் நாயின் எச்சில் பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 'எப்படியும் சாகப்போகுது, குழம்பு வச்சிடலாம்' என்ற யோசனையும் வேண்டாம்.

மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள்

தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையில் கால் பங்கு, போன காய்ச்சலில் மிஞ்சிய கேப்சூலில் அரைப் பங்கு. எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை. அந்த வலி மாத்திரைகளில் ஒன்றான டைக்ளோஃபெனாக் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்று தீர்த்ததால் 2006-இல் கால்நடைகளுக்காக அதைத் தயாரிப்பதை நம் நாட்டில் தடை செய்தார்கள். கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். கோழிப்பண்ணைகளில் கண்டபடி கொடுக்கப்பட்ட கோலிஸ்டினுக்கு 2019-இல் தடை வந்தது, மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் மருந்து வீணாகிவிடக் கூடாது என்பதற்காக. நீங்கள் குத்துமதிப்பாகக் கொடுக்கும் மருந்து கிருமியைப் பழக்குகிறது. முட்டை வழியாக உங்கள் பிள்ளையின் தட்டுக்கும் வருகிறது. மருந்து கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மருந்தகத்தில் புழுவை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்போம், எடைக்கேற்ற ஊசி போடுவோம், தேவைப்பட்டால் தைப்போம். எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. கழுத்து திருகிய கோழியாக இருந்தால் கழிச்சல் நோயா என்றும் பார்ப்போம். நோயில் தளர்ந்த கோழிதான் முதலில் நாய் வாயில் மாட்டும். வீட்டுக்குப் போனதும் காயம் மூடும்வரை மற்றக் கோழிகளோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் கூட்டாளிகளே கொத்திக் கிழித்துவிடும்.

பொழுது சாய்வதற்குள்

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பத்திரம் என்று விட்டுவிடுகிறீர்கள். மரநாய் ஏறாத மரம் ஏது? கூட்டில் அடைத்தாலும் சாதாரணக் கோழிவலையை நாய் ஒரே இழுப்பில் கிழிக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் போட்டு, கீழ் ஓரத்தை ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். குஞ்சு பொரித்த தாய்க்கோழியைப் பகலிலும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

செத்த கோழியில் விஷம் தடவி வைக்கவே வைக்காதீர்கள். கீரிப்பிள்ளை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள உயிர். அந்த விஷத்தை உங்கள் வீட்டு நாயும் தின்னும்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்று விளக்கு வைப்பதற்கு முன்பே கோழிகளை எண்ணி அடையுங்கள். அடிபட்டது ஒன்று இருந்தால் எதையும் பூசாமல், நாளைக் காலை மருந்தகம் திறக்கும்போதே கொண்டுவாருங்கள்.