கடற்கரை நகருக்குக் குடிபெயரும் முன்

"மகன் சென்னைக்கே வந்துவிடச் சொல்கிறான், போகலாமா?" என்று புறநோயாளிப் பிரிவில் யாரேனும் எங்களிடம் கேட்காத வாரமில்லை. கேட்பவர்களுள் பலர் வாரம் இருமுறையோ மும்முறையோ டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். வேறு சிலர் இதயம் பலவீனமடைந்தவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள். சேலத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழ்நாளைக் கழித்தவர்கள். பிள்ளைகளின் அழைப்பில் அன்பும் உண்டு, நியாயமும் உண்டு. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் பக்கத்தில் ஒருவர் இருக்கத்தான் வேண்டும். ஆயினும் இக்கேள்விக்கு எங்களால் உடனே விடை கூற இயலுவதில்லை. கடலோரத்துத் தட்பவெப்பம் ஒவ்வொரு நோயையும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது.

வெயில் நமக்குப் புதிதன்று. சேலத்துக் கோடையைத் தாங்கியவருக்குச் சென்னை வெயில் எம்மாத்திரம் என்று தோன்றலாம். வெப்பமானி காட்டும் அளவு இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் நாள்களும் உண்டு. உடலுக்கு மட்டும் அவை ஒன்றல்ல. வியர்வை சுரப்பதனால் உடல் குளிர்வதில்லை. சுரந்த வியர்வை ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் அது ஆவியாகாமல் வழிந்தோடிவிடுகிறது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் இங்கே சில்லென்று இருப்பதும், அதே பானை சென்னையில் அவ்வளவு குளிராததும் இதனால்தான். வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு மேலும் மேலும் இரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால் இதயத்தின் வேலை கூடுகிறது. இரவிலும் புழுக்கம் பெரிதாகத் தணிவதில்லையாதலால் அதற்கு ஓய்வும் குறைவு.

பிற்பகலில் வீசும் கடற்காற்று உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் மே, ஜூன் மாதங்களில் மேலைக்காற்று வலுத்திருக்கும் நாள்களில் அது தாமதித்தே உள்ளே வரும். வரும்வரை வெப்பம் ஏறிக்கொண்டே இருக்கும். மேலும், மகன் வீடு வாங்கியிருப்பது பெரும்பாலும் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளிய புறநகரில். அங்கே ஈரப்பதம் குறையாமல் இருக்க, காற்று மட்டும் குறைந்திருக்கும்.

இதய பலவீனத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். வியர்வையாலும் நீரிழப்பு ஏற்படுவதால், பழைய அளவு மருந்தே புதிய ஊரில் மிகையாகி, இரத்த அழுத்தம் தாழ்ந்து, எழுந்து நிற்கையில் தலைசுற்றல் வரக்கூடும். டயாலிசிஸ் நோயாளிகளின் சங்கடம் வேறு. புழுக்கத்தில் தாகம் மிகும். அவர்களுக்கோ ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று வரம்பு உண்டு. வெயில் காலமாயிற்றே என்று கூடுதலாகக் குடித்த நீர், சிறுநீராக வெளியேற வழியின்றி நுரையீரலில் தங்கிவிடும். இரு சாராருக்கும் நாங்கள் சொல்வது ஒன்றே: முதல் இரண்டு மாதங்களுக்குக் காலையில் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அந்த நோட்டைப் புதிய மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவை அவரே மாற்றட்டும், நீங்களாக மாற்றாதீர்கள்.

கடற்காற்று நுரையீரலுக்கு நல்லது என்ற நம்பிக்கை பழையது. காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலத்தில் நல்ல காற்றே மருத்துவமாகக் கருதப்பட்டது. தாம்பரத்தில் 1928-இல் தொடங்கப்பட்ட சானடோரியம் அக்காலத்தின் எச்சம். இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு அதே பெயர்தான். ஆஸ்துமாவைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பாதியே சரி. கடலிலிருந்து வரும் காற்றில் தூசி குறைவு. ஆனால் வீட்டுக்குள் நிலைமை நேர்மாறு. மெத்தையிலும் தலையணையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் ஈரப்பதத்தில் பெருகுகின்றன. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை படர்கிறது. இவ்விரண்டுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் அங்கே போய் முன்னிலும் அதிகமாக இன்ஹேலரை நாட நேரிடலாம். வீடு பார்க்கச் செல்பவர்கள் குளியலறைக்கு அடுத்த சுவரையும் அலமாரியின் பின்புறத்தையும் ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நலம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேட்டூர்க் காவிரி நீருக்குப் பழகிய நமக்குக் கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கடின நீரை மென்மையாக்க, உப்பைப் பயன்படுத்தும் இயந்திரம் வைத்திருப்பார்கள். அது சுண்ணாம்புச் சத்தை நீக்கி, அந்த இடத்தில் சோடியத்தை நீரில் சேர்க்கிறது. குளிக்கவும் துவைக்கவும் அது போதும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த நீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் தவிர்க்க வேண்டும். உணவில் உப்பை எண்ணி எண்ணிப் போட்டுவிட்டுக் குழாய் வழியாக அதைத் திரும்பப் பெறுவதில் பொருளில்லை.

இவ்வளவு சொன்ன பின்பும், சிலருக்கு நாங்களே "போங்கள்" என்கிறோம். சிறுநீரக மாற்று அறுவைக்குச் சென்னை மருத்துவமனை ஒன்றில் பதிவு செய்து காத்திருப்பவர் அவர்களுள் முதன்மையானவர். உறுப்பு கிடைத்தது என்ற அழைப்பு எந்நேரமும் வரலாம். வந்தபின் சில மணி நேரமே அவகாசம். சேலத்திலிருந்து சாலை வழியே போகவே ஐந்தாறு மணி நேரமாகும். தனியே வாழும், அடிக்கடி நிலைகுலையும் முதியவர்களுக்கும் பிள்ளைகளின் அண்மை எந்த மாத்திரையும் தராத பாதுகாப்பு.

ஆனால் வடகிழக்குப் பருவமழையை மறந்து முடிவெடுக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, மின்சாரமும் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒரு முறை தவறினாலே உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். ஆகையால் புயல் எச்சரிக்கை வந்தவுடன் சிகிச்சையை ஒரு நாள் முன்னதாகச் செய்துகொள்ள முடியுமா என்று மையத்தில் கேட்டுவிட வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் போனால் கைகொடுக்க ஒரு சிலிண்டர் தேவை. இன்சுலினைக் குளிர்பதனப் பெட்டியின்றி எத்தனை நாள் வைக்கலாம் என்பது வகைக்கு வகை வேறுபடும். மருந்தாளுநரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை வீட்டு உரிமையாளரைவிட முனையிலுள்ள மளிகைக் கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

வெள்ளத்துக்கு அஞ்சி மூன்றாம் மாடியைத் தேர்ந்தால், லிஃப்ட் உள்ளதா, மின்தடையில் அது இயங்குமா என்ற கேள்வி எழும். படியிறங்க முடியாத பெரியவர் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடுவார். இங்கே டீக்கடை வரை நடந்து நாலு பேரிடம் பேசிவருபவருக்கு அந்த அடைப்பு நோயைவிடக் கொடியது. குடும்பத்தார் இதை எளிதாக எண்ணிவிடுகிறார்கள்.

பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்குச் சென்று, இதமான சனவரிக் காற்றில் மயங்கி முடிவெடுத்தவர்கள் உண்டு. மே மாதத்தில் இரு வாரமும் நவம்பரில் இரு வாரமும் தங்கிப் பாருங்கள் என்பதே எங்கள் யோசனை. அந்நாள்களுக்கு அங்குள்ள மையத்தில் டயாலிசிஸ் நேரம் உறுதியான பின்பே பயணச்சீட்டு எடுங்கள். இங்குள்ள உங்கள் நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். நிரந்தரமாகச் செல்வதாயினும் முதலில் மையம், பிறகு வீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தேர்ந்தெடுத்த மருத்துவமனை அத்திட்டத்தில் சேர்ந்துள்ளதா, தமக்கான சிகிச்சை அங்கே அதன்கீழ் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புதிய டயாலிசிஸ் மையத்தார் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளின் அண்மை முடிவுகள், சிகிச்சை முடிந்தபின் இருக்க வேண்டிய எடை, கடைசிச் சில முறைகளின் பதிவுகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். இதய நோயாளிகள் எக்கோ அறிக்கையையும், நுரையீரல் நோயாளிகள் ஸ்பைரோமெட்ரி அறிக்கையையும் உடன் கொண்டு செல்லவேண்டும். இவற்றைத் திரட்டிச் சுருக்கக் குறிப்புடன் தர எங்களுக்குச் சில நாள்கள் ஆகும். மூட்டை முடிச்சைக் கட்டிய பின் வந்து கேட்காமல், போவதென்று பேச்செடுத்தவுடனேயே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.