நாலு தந்தியில் தோட்டத்து அடி

யூகலேலே பிறந்ததும் தோட்டத் தொழிலாளர்கள் கையில்தான். 1879 ஆகஸ்ட்டில் போர்த்துக்கல்லின் மடெய்ராத் தீவிலிருந்து ராவன்ஸ்க்ராக் என்ற கப்பல் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட குடும்பங்கள் அதில் வந்தன. அவர்களில் மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ என்ற மூன்று தச்சர்களும் இருந்தார்கள். மடெய்ராவின் சிறிய நாலு தந்தி வாத்தியத்தை ஹவாய் மரத்தில் அவர்கள் செய்யத் தொடங்கியதில் உருவானதுதான் யூகலேலே. சப்ரகமுவாவின் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இதைக் கையில் எடுக்கிற பிள்ளை இது நமக்கு ஒட்டாத பொருள் என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இடது கையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது சுலபமான கை. சி கோர்ட்டுக்கு ஒரு விரல், ஏ மைனருக்கு ஒன்று, எஃபுக்கு இரண்டு, ஜி செவனுக்கு மூன்று. இந்த நாலையும் வைத்தே ஏராளமான பாட்டுகளை ஒப்பேற்றிவிடலாம். ஆனால் அதே நாலு கோர்ட்டை இரண்டு பேர் வாசித்தால் யார் எவர் என்று காட்டிக்கொடுப்பது வலது கைதான்.

எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரப்படும் ஸ்ட்ரம்மிங் ஒன்று உண்டு: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். இதைத் தந்தியில் படும் ஆறு அடிகளாக மனப்பாடம் செய்தால் கை இயந்திரம் மாதிரி ஆகிவிடும். உண்மையில் கை எட்டுத் தடவை போய்வருகிறது. கீழே நாலு, மேலே நாலு. அதில் இரண்டாவதும் ஐந்தாவதும் தந்தியில் படாமல் காற்றில் போகின்றன. கை நிற்கவே கூடாது. மணிக்கட்டு ஒரே சீராக ஆடிக்கொண்டிருக்க, எந்த அடியைத் தொடுவது, எதை விடுவது என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். சொந்த நடை என்பதில் பாதி இதுதான். ஐந்தாவதைத் தொட்டு மூன்றாவதை விட்டுப் பாருங்கள். அதே பாட்டு வேறு மாதிரி நடக்கும்.

மற்றப் பாதி, அடியின் கனம். இங்கே யூகலேலேக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கிற்றாரில் முகத்துக்குக் கிட்ட இருக்கும் தந்தி தடித்த குரல். கீழே அடித்தால் கனமாகத் தொடங்கும். யூகலேலேயில் அந்த இடத்தில் இருப்பது உயர்ந்த ஜி. அடுத்துள்ள சி தான் நாலிலும் தாழ்ந்தது. அதனால் கீழ் அடிக்கும் மேல் அடிக்கும் கிற்றாரில் இருக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. அந்த வேறுபாட்டை உங்கள் விரல்தான் உண்டாக்க வேண்டும். ஆட்காட்டி விரல் நகம் பட்டால் கூர்மை, சதை பட்டால் மென்மை, கட்டைவிரல் பட்டால் உருண்டை. கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் வாசித்தால் இதம். தந்திகள் முடியும் பாலத்துக்குக் கிட்டப் போனால் வறட்சி.

இனி எந்த அடியை வாசிப்பது? சப்ரகமுவாப் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இரண்டு அடிகள் ஊறிக் கிடக்கின்றன. ஒன்று பைலா. சிங்களக் கிராமங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அது சுற்றுலா பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் தானாகவே வந்துவிடுகிறது. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் தமிழ்ப் பொப்பிசைக்குக் கொண்டுவந்ததும் இந்தத் துள்ளல்தான். ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாக. கனம் ஒன்றிலும் நாலிலும். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். கீழ்-கீழ்-மேல், கீழ்-கீழ்-மேல் என்று போனால் இரண்டு கனமும் நகத்தில் விழும். கூட்டத்தை ஆடவைக்கும் முரட்டு நடை. கீழ்-மேல்-கீழ், மேல்-கீழ்-மேல் என்று மாறி மாறிப் போனால் நாலாவது கனம் மேல் அடியில், விரல் சதையில் விழும். ஒரு கால் அழுத்தியும் மறுகால் மெல்லவும் வைத்த மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. வேகம் கூடினாலும் கை சிக்காது.

மற்றது தப்பு என்ற தோல் மேளத்தின் அடி. ஒரு காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியதும் அதுதான். காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் வேறு வேறு அடி உண்டு. சாதிப் பேச்சுக்குப் பயந்து சில இளைஞர்கள் தப்பைத் தொடக் கூச்சப்படுகிறார்கள். அது வீண் நட்டம் என்பேன். தப்புக்கு இரண்டு குச்சி: ஒன்று தடித்தது, மற்றது மெல்லிய நீண்டது. தடித்த குச்சியின் வேலையைக் கட்டைவிரலுக்குக் கொடுங்கள். ஜி, சி தந்திகளில் மட்டும் படட்டும். மெல்லிய குச்சியின் வேலையை ஆட்காட்டி நகத்துக்குக் கொடுத்து ஈ, ஏ தந்திகளைத் தட்டச் சொல்லுங்கள். அடி ‘டக்’கென்று நிற்க வேண்டிய இடத்தில், அடித்த கையோடு உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் படுக்கப் போட்டால் ஓசை அறுந்துவிடும். முதலில் வாயால் ‘டண் டணக்க’ என்று சொல்லிப் பழகுங்கள். வாயில் வராத அடி விரலில் வராது.

ஒன்று மட்டும் கவனம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஈரத்தில் தோல் தொய்ந்தால் தப்பை நெருப்பில் காட்டுவார்கள். யூகலேலேயை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். லயத்து வீட்டில் சுவரில் சாத்தாமல் உறைக்குள் வையுங்கள். முழு மரத்தில் செய்ததைவிட ஒட்டுப்பலகையில் செய்தது இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு.

உங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவர் இருந்தால் மாசியில் காமன் கூத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். யூகலேலேயோடு போய் உட்காருங்கள். இரண்டு அடி கேட்டு, போனில் பதிந்துகொண்டு, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். தப்பாக இருந்தால் அவரே திருத்துவார்.