குளத்துக் கெண்டையின் 100 குரோமோசோம்கள்

தூத்துக்குடியை ஒட்டிய முத்தையாபுரம் பக்கம் மீன் என்றாலே கடல் மீன்தான். சாளையும் ஊழியும் கிடைக்கும் ஊரில் குளத்துக் கெண்டைக்கு மதிப்புக் குறைவு. உயிரியல் படிப்பவருக்கோ அந்தக் கெண்டைதான் புதையல். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் சேர்த்து வளர்க்கும் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் 50 குரோமோசோம்கள். அவற்றின் உறவான சாதாக் கெண்டைக்கு 100. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு வெவ்வேறு மீனினங்கள் கலந்தபோது இரண்டின் குரோமோசோம் தொகுதியும் முழுசாகத் தங்கிவிட்டதால் வந்த இரட்டிப்பு இது.

மனிதரில் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடினாலே டவுன் சிண்ட்ரோம். மீன் ஒரு தொகுதியே கூடினாலும் தாங்குகிறது. ஒரே மரபணுவுக்கு இரண்டு பிரதி இருந்தால், ஒன்று பழைய வேலையைப் பார்க்கும். மற்றது மாறிப் பார்க்கலாம். பரிணாமத்துக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் இல்லை என்பேன்.

இன்னொரு வகைக் கூடுதலும் உண்டு. மக்காச்சோளத்தை ஆராய்ந்த ராண்டால்ஃப் 1928இல் 'பி' என்று பெயரிட்ட குரோமோசோம்கள். இவை இல்லாமலும் உயிர் வாழும். ஒரே ஏரியில் ஒரு மீனில் இருக்கும், பக்கத்து மீனில் இருக்காது. மற்ற குரோமோசோம்களிலிருந்து பிரிந்த துண்டுகளால் ஆன இவை, டிக்கெட் எடுக்காத பயணியைப் போலத் தலைமுறை தாண்டிப் போகின்றன. சில, முட்டையோ விந்தோ உருவாகும்போது தமக்குரிய பாதிப் பங்குக்கு மேலேயே பிடித்துக்கொள்ளும். வெறும் ஒட்டுண்ணி என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. ஆனால் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில், சில சிக்லிட் மீன் இனங்களில் பெண் மீன்களிடம் மட்டுமே பி காணப்பட்டது. மெக்சிகோவின் குருட்டுக் குகை மீனில், ஆணாக்கும் மரபணு பி குரோமோசோமில்தான் இருக்கிறது என்று 2021இல் காட்டினார்கள். ஆணா பெண்ணா என்பதையே தீர்மானிப்பதை உபரி என்று ஒதுக்க முடியாது.

மீனின் குரோமோசோம்களை எண்ணுவது பொறுமையான வேலை. மீனுக்குக் கால்சிசின் ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்துச் சிறுநீரகத் திசுவை எடுப்பார்கள். கால்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கும் நஞ்சு; பிரிந்துகொண்டிருக்கும் செல்லை நடுவழியில் நிறுத்திவிடும். நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அந்தச் செல்லை உப்பவைத்து, கண்ணாடித் துண்டில் சொட்டி, ஜீம்சா சாயம் ஏற்றினால், நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் ஊதா நிறக் குச்சிகளாகச் சிதறிக் கிடக்கும்.

தாமிரபரணியின் பெயரையே தாங்கிய சிறு கெண்டை ஒன்றை 1954இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஈ.ஜி. சைலஸ், பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானவர். இப்படிப்பட்ட மீன்களில் பி இருக்கிறதா என்று அறிய ஒன்றிரண்டை எண்ணினால் போதாது. ஆண், பெண் இரண்டையும், ஆற்றின் மேல்பகுதியிலும் கடைமடையிலும் பிடித்து எண்ண வேண்டும். 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கும் மீன்வளக் கல்லூரியின் மாணவர்கள் இதைத் தங்கள் ஆய்வாக எடுத்துக்கொள்ள வேண்டும்.