போடி வீட்டு டிவி பில்: உங்க காசு யாருக்குப் போகுது?

வேலை சென்னையிலயோ கோவையிலயோ இருக்கும். ஆனா போடிநாயக்கனூர் வீட்டு டிவிக்கு மாசாமாசம் பணம் கட்டுறது நீங்கதான். அது யார் கைக்குப் போகுதுன்னு பார்த்திருக்கீங்களா?

முதல்ல அடிப்படை. தூர்தர்ஷனை நடத்துறது பிரசார் பாரதி. அதுக்கு மத்திய அரசு நிதியும் விளம்பர வருமானமும் வருது. தனியார் இலவச சேனல்களுக்கு முக்கிய வருமானம் விளம்பரம். பே சேனல்களுக்கு விளம்பரக் காசும் உண்டு, உங்க சந்தாவும் உண்டு.

உங்க பில்லில் மூணு பகுதி இருக்கும்:

1. நெட்வொர்க் கட்டணம்: டிராய் வச்ச உச்சவரம்பு 2019-ல் ரூ.130. 2024 ஜூலையில அந்த வரம்பை எடுத்துட்டாங்க. அதனால உங்க ஆபரேட்டர் எவ்வளவு போடுறார்னு நீங்கதான் பார்க்கணும்.

2. பே சேனல் விலை: இதைச் சேனல் நிறுவனமே வைக்கும். அதில குறைஞ்சது 20% கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனத்துக்கு, மிச்சம் சேனலுக்கு.

3. மொத்தத்துக்கும் 18% ஜிஎஸ்டி.

நம்ம கையில இருக்கிறது ரெண்டாவது பகுதி. யாருமே பார்க்காத ரூ.100 பேக்கை எடுத்தா, ஜிஎஸ்டியோட மாசம் ரூ.118 மிச்சம். வருஷத்துக்கு ரூ.1,416!

மலைச்சரிவுல, ஏலத் தோட்டத்துப் பக்கம் கேபிள் வயர் போகாத வீடா? டிடி ஃப்ரீ டிஷ் இருக்கு. டிஷ், பாக்ஸ் வாங்குற செலவு ஒரு தடவைதான், மாசச் சந்தா கிடையாது. அப்போ செலவை யார் தர்றா? போடியில ஏலக்காயை ஏலத்துல கேட்குற மாதிரி, ஃப்ரீ டிஷ்ல இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலம் கேட்டு, பிரசார் பாரதிக்குப் பணம் கட்டுறாங்க. கூடுதலா நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தா அவங்களுக்கு விளம்பரம் கூடும், அதுதான் கணக்கு.

ஒரு எச்சரிக்கை: சன் டிவி, ஸ்டார் விஜய் மாதிரி பே சேனல்கள் ஃப்ரீ டிஷ்ல வராது. அதனால அவசரப்பட்டு கேபிளை நிறுத்தாதீங்க. இன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, "என்னென்ன சேனல் பார்க்குறீங்கம்மா?"ன்னு கேளுங்க. அந்த லிஸ்ட்ல இல்லாத பேக்கை மட்டும் வெட்டுங்க. மிச்சமாகுறது அம்மாவோட சீரியலா இருக்கக் கூடாது, உங்க காசா இருக்கணும்.