ஊர்ப்பேச்சு கடல் தாண்டினால்

தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிறது காயல்பட்டினம். மார்கோ போலோ எழுதிவைத்த முத்துத் துறைமுகம் இதுவா, பக்கத்துப் பழையகாயலா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 40,000 பேர் வாழும் ஊர். பிழைப்புக்காகச் சென்னை, ஜித்தா, துபாய், ஹாங்காங் என்று போனவர்கள் இல்லாத தெருவே இங்கு கிடையாது. இணையத்தில் ஒரு பேச்சுக்கூட்டம் எப்படி உருவாகிறது, எதனால் நிலைக்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் நம் கரையில் இல்லை.

1990களின் இறுதியிலேயே, ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே, இந்த ஊருக்கென்று காயல்பட்டணம்.காம் வந்துவிட்டது. அதில் என்ன இருந்தது? ஜனாஸா (இறுதிச்சடங்கு) அறிவிப்பு, திருமணச் செய்தி, மழை அளவு, நகராட்சிக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம். ரியாத்தில் இருப்பவருக்குத் தன் தெருவில் யார் மவுத்தானார் என்று எந்த நாளிதழும் சொல்லாது. வேறெங்கும் கிடைக்காத ஒன்று தினமும் கிடைத்தால் ஆள் தானாக வருவார். அவரைக் கூப்பிட அறிவிப்பு மணி வேண்டியதில்லை.

வந்தவரைத் தங்கவைத்தது செய்திக்குக் கீழே நடந்த விவாதம். கருத்து எழுதுபவரின் பெயரோடு அவர் இருக்கும் ஊரும் வெளியாகும். எந்த நாட்டு இணைப்பிலிருந்து எழுதினார் என்பதும் தெரியும். வாப்பாவின் கூட்டாளியும் பள்ளிக்கூட ஆசிரியரும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுத வேண்டும். முகமூடி இல்லாத இடத்திலும் சண்டை வரத்தான் செய்தது. வரட்டுமே! சண்டை இல்லாத இடத்துக்கு மறுநாள் யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்? ஆனால், ஊருக்கு வந்தால் கடற்கரையில் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்பதால் சண்டைக்கு ஓர் எல்லை இருந்தது.

இணையக் கூட்டங்களில் எழுதுபவர்கள் எப்போதும் சொற்பம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார் என்று 2006இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் ஒரு கணக்குச் சொன்னார். அந்த ஒருவர் மனம் நொந்து விலகினால் கூட்டமே படுத்துவிடும். ஆகவே நடத்துபவரின் பெரிய வேலை, புது ஆள் சேர்ப்பதைவிட அந்த ஒருவரை விரட்டாமல் பார்த்துக்கொள்வது.

இதே கரையில் இன்னொரு வகை வளர்ச்சியும் உண்டு. மீன்பிடிப்பைக் காட்டும் ‘தூத்துக்குடி மீனவன்’ யூடியூப் சேனலைக் கடலே பார்க்காதவரும் பார்க்கிறார். எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு 2012 முதல் யூடியூப் முன்னுரிமை தருகிறது. வலையில் என்ன மாட்டியது என்பது வலை மேலே வந்தால்தான் தெரியும். அதுவரை பார்ப்பவர் நகரமாட்டார். 2018இல் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்றானது. இந்த வளர்ச்சிக்கு ஊர் எல்லை கிடையாது. ஆனால், கீழே கருத்து எழுதுபவர்களுக்கு மீனவரைத் தெரியும், ஒருவரையொருவர் தெரியாது. அதை நான் ரசிகர் கூட்டம் என்பேன், பேச்சுக்கூட்டம் வேறு.

ஊர்ப்பேச்சுக்குத் திரும்பினால், அங்கே வாட்ஸ்அப் வந்தது. 2016இல் ஒரு குழுவில் 256 பேர் சேரலாம் என்றிருந்தது, 2022இல் 1,024 ஆனது. ஊர்ப்பேச்சு தெருவுக்கொரு குழு, வகுப்புக்கொரு குழு என்று பிரிந்தது. வேகம் கூடியது, நினைவு குறைந்தது: போன வருட விவாதத்தை எளிதில் தேடி எடுக்க முடியாததால் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தச் சிதறலுக்கு நடுவிலும் ‘நடப்பது என்ன?’ என்ற சமூக ஊடகக் குழுமம் காயல்பட்டினத்தில் தாக்குப்பிடித்தது. அது கையில் எடுத்த குறைகளில் ஒன்று, காயல்பட்டினம் வழியாகப் போக வேண்டிய பேருந்துகள் அடைக்கலாபுரம் வழியே போய்விடுவது. அடுத்த பேருந்து ஊருக்குள் வருமா வராதா என்பது நிறுத்தத்தில் நிற்பவரின் கவலை. அதற்காகவாவது அவர் குழுவைத் திறந்து பார்ப்பார்.